அம்மாவின் மாத்திரைப் பை: பெற்றோரின் மாதாந்திர மருந்துகளைப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா இருந்தவரை அம்மாவின் மருந்துகளை அவரே கவனித்துக்கொண்டார். அவர் மறைந்தபின் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எனக்குக் கிடைத்தவை ஒரு துணிக்கடைப் பையும் அதற்குள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்த 19 மாத்திரை அட்டைகளும்தான். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, கட்டிலைவிட்டு எழுந்த அம்மா தலைசுற்றிக் கீழே விழுந்தார். ரத்த அழுத்தம் 96/60 ஆக இருந்தது. பார்த்த மருத்துவர் பையைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு அட்டைகளை எடுத்து அருகருகே வைத்தார். ஒன்று சர்க்கரைக்குப் பார்ப்பவர் எழுதியது, மற்றொன்று இதயத்துக்குப் பார்ப்பவர் எழுதியது. பெயரும் நிறமும் நிறுவனமும் வேறு வேறு. ஆனால் இரண்டுக்குள்ளும் இருந்தது டெல்மிசார்டான் என்ற ரத்த அழுத்த மருந்து, 40 மில்லிகிராம். அம்மா ஒரே மருந்தை இரு பெயர்களில் தினமும் இரட்டிப்பாகச் சாப்பிட்டுவந்திருக்கிறார்.

அதன்பிறகு ஓராண்டு அலைந்து கற்றுக்கொண்டதை, முதன்முறையாக இந்தப் பையைக் கையில் வாங்குகிறவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை. நான் மருத்துவர் அல்லன் என்பதால், அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது ஆகிய மூன்றையும் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் முன்பு மாதம் ₹3,180 ஆன மருந்துச் செலவு இப்போது ₹940 ஆகிறது. இந்தக் குறைப்புக்காக அம்மாவுக்குத் தேவையான மருந்து ஒன்றைக்கூட நாங்கள் கைவிடவில்லை.

1. பையைக் கொட்டிக் கணக்கெடுங்கள்

ஒரு விடுமுறை நாளில் வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்புங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவு, பூஜை அலமாரி, வெளியூர்ப் பயணத்துக்கு எடுத்துச்செல்லும் கைப்பை என்று எதையும் விட்டுவிடாதீர்கள். கண் சொட்டு மருந்து, சத்து மாத்திரை, வைத்தியர் கொடுத்த சூரணம், யாரோ உறவினர் 'இது எனக்கு நன்றாகக் கேட்டது' என்று கொடுத்துப்போன அட்டை ஆகியவையும் மேசைக்கு வரவேண்டும்.

ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: ஜெனரிக் பெயர், மில்லிகிராம், எந்த நோய்க்காக, யார் எந்தத் தேதியில் எழுதியது, எந்த வேளையில். 'எந்த நோய்க்காக' என்ற இடத்தை உங்களால் நிரப்ப முடியாத மருந்துகளே நீங்கள் முதலில் கேட்டறிய வேண்டியவை. அம்மாவுக்கு அப்படி நான்கு இருந்தன. அவற்றில் ஒன்று, 14 மாதங்களுக்கு முன்பு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது 10 நாளுக்கு மட்டும் எழுதிக்கொடுத்த, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோல். சீட்டில் நாள் கணக்கு தெளிவாகவே இருந்தது. ஆனால் மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டிருந்ததால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவமனைச் சீட்டில் சில நாளுக்கென எழுதிய மருந்து ஆண்டுக்கணக்கில் ஓடுவது பல வீடுகளில் நடக்கிறது.

காலாவதித் தேதியில் மாதம் மட்டும் அச்சிட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். அதைத் தாண்டியவற்றை அட்டையிலிருந்து உரித்து, காபித்தூள் சக்கையுடன் கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சாக்கடையில் கொட்ட வேண்டாம்.

2. ஜெனரிக் பெயரைப் படிக்கப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். நிறுவனம் சூட்டும் பெயர் பிராண்டு. உள்ளே உள்ள மருந்தின் பெயர் ஜெனரிக். ஜெனரிக் பெயரை பிராண்டைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018 முதல் விதி இருந்தாலும், பளபளக்கும் அலுமினியத் தாளில் அது கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். 'ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியது' என்ற பொருளில் தொடங்கும் ஆங்கில வரிக்குக் கீழே அந்தப் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். இரண்டு பெயர்கள் இருந்தால் அது கூட்டு மாத்திரை. எங்கள் வீட்டுச் சிக்கலே அங்குதான் தொடங்கியது: இதய மருத்துவர் எழுதியது டெல்மிசார்டானும் அம்லோடிபின் என்ற மற்றொரு ரத்த அழுத்த மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை, சர்க்கரை மருத்துவர் எழுதியது தனி டெல்மிசார்டான்.

பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வாலையும் படிக்க வேண்டும். எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்எல் என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை. அதை உடைத்தோ பொடித்தோ கொடுக்கக் கூடாது. மெட்டோப்ரோலால் என்ற இதய மருந்து சக்சினேட், டார்ட்ரேட் என்று இரு வடிவங்களில் வருகிறது. முன்னதன் மெதுவாகக் கரையும் மாத்திரையை நாளுக்கு ஒருமுறையும், பின்னதைப் பெரும்பாலும் இருமுறையும் சாப்பிட வேண்டும் என்பதால், ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. விலை குறைந்த மருந்துக்கு மாறும்போது பெயர், மில்லிகிராம், வால் மூன்றும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

தைராய்டுக்கான லெவோதைராக்சின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்றவற்றில் அளவு சிறிது மாறினாலும் விளைவு மாறும். இவற்றை மாதம் ஒரு நிறுவனம் என்று மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். லெவோதைராக்சினை மாற்றியே ஆகவேண்டுமானால் மருத்துவருக்குத் தெரிவித்து, ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குப் பின் தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நான் இந்த ஒரு மருந்தை மட்டும் இன்றுவரை பழைய நிறுவனத்திலேயே வாங்குகிறேன்.

3. மருத்துவரிடம் சீட்டைச் சரியாக எழுதி வாங்குங்கள்

சீட்டில் பிராண்டு பெயர் இருந்தால், அதே மருந்து அடங்கிய வேறு பிராண்டைக் கடைக்காரர் தாமாக மாற்றித் தர, சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய 'ஷெட்யூல் எச்' வகை மருந்துகளைப் பொறுத்தவரை, மருந்து விதிகள் இடம் கொடுப்பதில்லை. ஆகவே 'மலிவானதாகக் கொடுங்கள்' என்று கவுண்டரில் வாதாடுவதில் பயனில்லை. மருத்துவர் அறையிலேயே, "ஐயா, மருந்தின் ஜெனரிக் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தர முடியுமா? மக்கள் மருந்தகத்தில் வாங்கப் போகிறோம்" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்ட நால்வரில் மூவர் தயங்காமல் எழுதினார்கள். ஒருவர் முகம் சுளித்துவிட்டு எழுதினார்.

உங்கள் நோட்டை மருத்துவர் முன் திறந்து வைத்து, மற்ற மருத்துவர்கள் எழுதியவற்றையும் காட்டுங்கள். நோயாளியின் பெயர், தேதி, அளவு, எத்தனை நாளுக்கு, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் ஆகியவை சீட்டில் உள்ளனவா என்று வெளியே வருமுன் பாருங்கள். ஒரே சீட்டில் மீண்டும் வாங்கலாம் என்று மருத்துவர் குறிப்பிட்டிருந்தால்தான் அடுத்த மாதமும் அது செல்லும் என்பது விதி. ஆகவே நாட்பட்ட நோய்க்கு 'மூன்று மாதங்களுக்கு' என்று எழுதி வாங்குவது ஆலோசனைக் கட்டணத்தையும் மிச்சப்படுத்தும்.

சீட்டிலுள்ள சுருக்கங்களில் 1-0-1 என்றால் காலையும் இரவும். ஓடி என்றால் நாளுக்கு ஒருமுறை, பிடி இருமுறை, டிடிஎஸ் மும்முறை, எச்எஸ் படுக்கப்போகும்போது, ஏசி உணவுக்கு முன், பிசி உணவுக்குப் பின். எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். இதை அறியாமல் எஸ்ஓஎஸ் என்றிருந்த தூக்க மாத்திரையை அம்மாவுக்கு ஒரு வாரம் தவறாமல் கொடுத்தவன் நான்.

4. எங்கே வாங்குவது

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான அடிப்படை மருந்துகள் இலவசம். ஆதார் அட்டை, கைப்பேசி எண், பழைய சீட்டு, அண்மைய பரிசோதனை முடிவு ஆகியவற்றுடன் முதல்முறை நோயாளியையே அழைத்துச் செல்லுங்கள். காலையில் சீக்கிரம் போங்கள். பதிவுக்கும் பரிசோதனைக்கும் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நடமாட முடியாதவராக இருந்தால், 2021 முதல் நடைமுறையிலுள்ள 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருவதற்குப் பதிவுசெய்யச் சொல்லி அங்கேயே கேளுங்கள். வீட்டுக்கு வருபவர் தரும் மாத்திரைகளையும் உங்கள் நோட்டில் ஏற்றுங்கள். இல்லையேல் இரட்டை மருந்துக் கதை மீண்டும் நடக்கும்.

அரசு நிலையத்தில் இல்லாதவற்றுக்கு இரண்டு கடைகள் உள்ளன. ஒன்று, மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் இயங்கும் மக்கள் மருந்தகம்; ஜன் ஔஷதி என்று கேட்டாலும் காட்டுவார்கள். மற்றொன்று, தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளுடன் தொடங்கிய முதல்வர் மருந்தகம். மக்கள் மருந்தகத்தில் பல மருந்துகள் பிராண்டு விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கின்றன; முதல்வர் மருந்தகத்தில் 75 விழுக்காடு வரை குறைவு என்று அரசு அறிவித்திருக்கிறது. 'மலிவு மருந்து வேலை செய்யுமா' என்ற சந்தேகம் அம்மாவுக்கும் இருந்தது. மக்கள் மருந்தகத்துக்கு வரும் சரக்கு, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்ட பிறகே கடைகளுக்கு அனுப்பப்படுகிறது. நான் செய்தது இன்னும் எளியது: மாறிய முதல் மாதம் வாரம் இருமுறை ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டினேன். எண்கள் மாறவில்லை.

இந்தக் கடைகளில் உள்ள உண்மையான குறை, சரக்கு இல்லாமல் போவது. ஜன் ஔஷதி சுகம் என்ற செயலியில் அருகிலுள்ள கடையையும் விலையையும் பார்க்கலாம். ஆனாலும் தொலைபேசியில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். மாத்திரை தீர ஏழு நாள் இருக்கும்போதே போனால், கடைக்காரர் வரவழைத்துத் தர அவகாசம் இருக்கும். தீர்ந்த அன்று போனால் பிராண்டு கடைக்குத்தான் ஓட வேண்டியிருக்கும்.

தனியார் கடையின் '20 விழுக்காடு தள்ளுபடி' பலகையில் மயங்காதீர்கள். ₹200 அட்டையில் 20 விழுக்காடு போனாலும் ₹160. அதே ஜெனரிக், வேறொரு நல்ல நிறுவனத்தில் ₹60க்குக் கிடைக்கலாம். அத்தியாவசிய மருந்துகளுக்கு மத்திய அரசு உச்சவரம்பு விலை விதித்திருக்கிறது. ஃபார்மா சஹி தாம் என்ற செயலியில் அதைப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அட்டையில் அச்சிட்ட விலையிலேயே வரி அடக்கம்; அதற்கு மேல் வரி என்று கேட்டால் கொடுக்க வேண்டாம்.

எங்கள் பில்லில் பெரிய தொகை நோய்க்கான மருந்தில் இல்லை. நரம்புக்கு என்று ஒரு மல்டிவைட்டமின், எலும்புக்கு ஒன்று, பசிக்கு ஒரு டானிக் என்று மூன்றுக்கும் சேர்த்து ₹1,060. இவற்றைக் காட்டி 'இது தேவையா' என்று மருத்துவரிடம் கேட்டதில் இரண்டை நிறுத்தச் சொன்னார். மூன்றாவது நிற்கவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது: மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். பரிசோதித்ததில் அம்மாவுக்குக் குறைவாகவே இருந்தது. விலையுயர்ந்த கலவைக்குப் பதிலாக பி12 மட்டும் தனியாக எழுதித் தந்தார். சத்து மாத்திரைதானே என்று நானே நிறுத்தியிருந்தால் தவறாகியிருக்கும்.

5. கவுண்டரில் நிற்கும் ஐந்து நிமிடங்கள்

வாங்கியதைப் பையில் போடுமுன் ஒவ்வொரு அட்டையையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் கிருமித்தொற்றுக்கு. அவசரத்தில் கிறுக்கிய எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முழு அட்டையாக வாங்குங்கள். வெட்டித்தான் வாங்க வேண்டுமென்றால், காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கத்தரிக்கோல் எப்போதும் தேதி இல்லாத துண்டைத்தான் நம் பக்கம் தள்ளும்.

அட்டையின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. வலிமையான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், சில தூக்க மாத்திரைகள் ஆகியவை எச்1 என்ற பட்டியலில் வருகின்றன. அவற்றை விற்கும்போது நோயாளி, மருத்துவர் பெயர்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், அவர் விவரம் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காமல் தருபவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். பேட்ச் எண் குறித்த பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். ஒரு மருந்துத் தொகுப்பு தரமற்றது என்று அரசு அறிவிக்கும்போது, அது உங்கள் வீட்டிலிருக்கிறதா என்று சொல்லக்கூடியது அந்த எண் மட்டுமே.

6. சீட்டில்லாமல் வாங்கும் மருந்துகள்

இந்தியச் சட்டத்தில் சீட்டில்லா மருந்துகளுக்கென்று தனிப் பட்டியல் இல்லை. சீட்டு தேவை என்று பட்டியலிடப்படாதவையே அப்படி விற்கப்படுகின்றன. பாராசிட்டமால் அவற்றில் முதன்மையானது. வளர்ந்தவருக்கு ஒருநாள் உச்சம் 4 கிராம். 650 மாத்திரையில் ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். முதியவர்கள், மெலிந்தவர்கள், கல்லீரல் நோயோ மதுப் பழக்கமோ உள்ளவர்கள் அதற்கு வெகு கீழேயே நிற்க வேண்டும். சளி, காய்ச்சல், உடல்வலிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகளிலும் பெரும்பாலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதால், தனி மாத்திரையும் கூட்டு மாத்திரையும் சேர்ந்து போவதுதான் இங்கே பொறி.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோஃபினாக், அசிக்குளோஃபினாக், ஐபுபுரூஃபன் ஆகியவற்றை இன்னும் அதிகமாக அஞ்சுகிறேன். டெல்மிசார்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு இவை சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ரத்த அழுத்தமும் ஏறும். 'ஒரே நாளில் வலி போகும்' என்று பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் பொடிகளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பேரக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை: பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருப்பது வழக்கம், 5 மில்லியில் 125 என்று எழுதியுள்ள சிரப்பில் 1 மில்லிக்கு 25தான். சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போகும். இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு இருமல் சிரப் தரக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகவே பரிந்துரைப்பதில்லை என்றும் 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. பாட்டியின் இருமல் மருந்திலிருந்து 'அரைக் கரண்டி' என்ற பேச்சே வேண்டாம்.

7. காபியும் விரதமும்

லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் சாப்பிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபிகூடக் குடிக்கக் கூடாது. விடியற்காலைக் காபிக்குப் பழகிய அம்மாவிடம் இதைச் சொல்லிப் பயனில்லாததால், மாத்திரையை அவர் வாசல் தெளிக்கப் போகுமுன் கொடுத்துவிடுகிறேன். கோலம் முடிந்து அடுப்படிக்கு வரும்போது நேரம் கடந்திருக்கும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். அமாவாசை, சஷ்டி விரதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றி, அளவு 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ள நாள்களில் மெட்ஃபார்மினையும் ரத்த அழுத்த மாத்திரையையும் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டே கொடுங்கள். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்க வேண்டாம்.

புதிய மருந்தால் தடிப்பு, வீக்கம் போன்ற ஒவ்வாமை தெரிந்தால் மருத்துவரிடம் சொன்ன பிறகு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதிவுசெய்யலாம்.

8. வைக்கும் இடம்

அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும் குளியலறையும் ஆகாது. டெல்மிசார்டான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மாத்திரை என்பதால், வாரம் முழுவதற்கும் உரித்து டப்பாவில் போடாமல், சாப்பிடும்போது மட்டும் உரியுங்கள். நான் அட்டையோடு வெட்டி டப்பாவில் வைக்கிறேன்.

இன்சுலின் வீட்டுக்கு வந்தால் சிரிஞ்சின் மூடி நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியசில், உறைபெட்டியைத் தொடாமல் இருக்க வேண்டும். பெரும்பாலான வகைகளைத் திறந்தபின் நான்கு வாரம் வரை குளிர்ந்த அறையில் வைக்கலாம். மே மாதத்து மதுரையில் குளிர்ந்த அறைக்கு எங்கே போவது? மின்வெட்டு நாள்களில், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இன்னொரு சிறு பானையை இறக்கி, அதற்குள் குப்பியை நெகிழிப் பையில் சுற்றி வைக்கிறோம்.

9. பில்லை வைத்துக்கொள்ளுங்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்

60 வயது கடந்த பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இல்லாதிருந்து, அவர்களுடைய மருத்துவச் செலவை நீங்கள் ஏற்றால், 80டி என்று நாம் அறிந்த வருமான வரிச் சலுகையின்கீழ் ஆண்டுக்கு ₹50,000 வரை கழித்துக்கொள்ளலாம். மருந்துச் செலவும் இதில் சேரும். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. யுபிஐயோ அட்டையோ போதும். பில்லில் பெற்றோரின் பெயர் வரும்படி கேளுங்கள். வெப்பத்தாள் பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் அன்றே படமெடுத்து, சீட்டின் படத்தோடு ஒரே கோப்பில் போட்டுவையுங்கள்.

அப்பா ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய இரண்டாண்டு பில்கள், தேதிவாரியாக அடுக்கி, எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பாதி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன.